அவளுடைய தொடை எலும்பு

திருப்பதியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, தொடை எலும்பு எவ்வளவு பாரத்தில் உடையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. ஸ்கேன் படத்தில் வெளுப்பாகத் தெரியும் இடம் கெட்டி. மங்கலான இடம் நொய்மை. அதை வைத்து எலும்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வலுவைக் கொடுத்து, ஆள் பக்கவாட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஆரோக்கியமான இளம் எலும்பு ஒன்று தேவைப்பட்டது. நானே ஸ்கேனுக்குப் படுத்தேன். துணைக்கு ஹாஸ்டல் அறைத்தோழியையும் இழுத்துக்கொண்டு போனேன். பாலசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு படங்களையும் பார்த்த என் கைடு, அவளுடையதைக் காட்டி, "இதி பாகுந்தி" என்றார். இதுதான் நன்றாக இருக்கிறதாம். என்னுடையது மெலிவு என்று ஒதுக்கிவிட்டார்.

சித்தூரில் எங்கள் அம்மா பால் கொடுக்காமல் ஒரு நாளும் என்னைப் பள்ளிக்கு அனுப்பியதில்லை. என் அறைத்தோழியோ பால் வாசனைக்கே மூக்கைப் பிடித்துக்கொள்வாள். தினமும் அவள் எலும்பின் மேல் பாரத்தை ஏற்றுவேன். எலும்பின் கழுத்துப் பகுதியில், பாரம் அழுத்தும் இடத்தைக் காட்டும் சிவப்பு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். அறைக்குத் திரும்பினால், மேல் கட்டிலிலிருந்து தொப்பென்று குதிப்பாள்.

"என் எலும்பு இன்னா பண்ணிக்கினு கீது?"

"உடைய மாட்டேங்குது."

அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு மழை நாளில் தன் எலும்பைப் பார்க்க லேபுக்கே வந்தாள். எங்கள் இரண்டு பேர் எலும்பையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் என்னுடையதையே பார்த்தாள்.

"உன்னுது எவ்ளோ அழகா ஒல்லியா கீது. பொறாமையா கீதுடி."

"உனக்கா?"

"போன மாசம் என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க, உடம்பு வாகு பெருசுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. நைனா அன்னிக்கு ஒண்ணுமே துன்னல."

இதைக் கேட்டு என் பொறாமை கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. இவ்வளவு நல்ல எலும்பை வைத்துக்கொண்டு இவள் அழுகிறாளே என்றுதான் இருந்தது.

வெளியே வந்தபோது ஈரப்படியில் சறுக்கி, பக்கவாட்டில், இடுப்பு தரையில் அடிபட விழுந்தாள். அவள் எழுந்து உட்கார்ந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள். நிம்மதி வருவதற்கு முன்னால், 'எழுந்துவிட்டாள் பார்' என்ற எரிச்சல்தான் எனக்குள் வந்தது.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கற? கையக் குடு."

கைகொடுத்துத் தூக்கினேன். ஹாஸ்டல் வரை அவள் நொண்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். நொண்டவில்லை.

பிறகு கைடு மெலிந்த எலும்பிலும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவளுடையதற்குச் சரியாக வந்த கணக்கு என்னுடையதில் தாறுமாறான விடை கொடுத்தது. ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ததற்குத்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. அதற்குள் அவள் கல்யாணமாகித் தடா என்ற ஊருக்குப் போய்விட்டாள். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ உன் எலும்புதான் ஒசத்தி" என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை என்று நான் மறுக்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தேன்.