கரையான் அரிக்காத பக்கம்

கல்யாணப் பத்திரிகையில் கொள்ளுத் தாத்தா பேரும் வர வேண்டும் என்று பெண் வீட்டார் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. கல்பாக்கம் குடியிருப்பில் இருந்த உத்தியோகக் குடும்பம் அது. அவர்கள் பக்கத்தில் நாலு தலைமுறைப் பேரும் பட்டத்தோடு தயாராக இருந்தது. நாவலூரில் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த காலம். ஆபீசில் அந்தப் பெண்ணோடு பழகத் தொடங்கிய புதிதிலேயே, என் கொள்ளுத் தாத்தா மிஷன் பள்ளி வாத்தியார் என்று அளந்து வைத்திருந்தேன். யார் கேட்டார்கள்? எல்லாம் வாய்க்கொழுப்பு.

அப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மூன்று வயதாகும்போதே அவருடைய அப்பா தவறிப்போய்விட்டார். அவருடைய தாத்தாவின் பெயரை அவருக்குச் சொல்லித்தர வீட்டில் ஆளே இல்லை.

"செங்கல்பட்டு மாதா கோயில்ல எங்கப்பாவோட ஞானஸ்நான நோட்டு இருக்கும்டா. அதுல அவுங்கப்பா பேர எழுதியிருப்பாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துகினு வா. எங்க தாத்தா பேரு இன்னான்னு தெரியாமயே போய்ச் சேந்துடுவனோன்னு பயமா கீது" என்றார்.

போனேன். கோயில் உபதேசியார் தூசி தட்டி எடுத்த பெரிய நோட்டில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. குழந்தையின் பெயர், என் தாத்தா. பக்கத்துக் கட்டத்தில் தகப்பன் பெயர். அதற்கடுத்து, தொழில் என்ற இடத்தில், ஒரு பெரிய மனிதரின் பெயரை எழுதி, 'அவருடைய பண்ணையாள்' என்று இருந்தது.

வேறு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

தகப்பன் கையெழுத்துக்கான கடைசிக் கட்டத்தில் உபதேசியார் விரலை வைத்தார். "இத்தப் பாருங்க சார். பக்கம் பூரா கைநாட்டு. இவுரு ஒர்த்தருதான் கையெழுத்து போட்டுக்கிறாரு. நகல் எழுதித் தரட்டா?"

பேர் தெரிந்தால் தொழிலையும் அப்பா சம்பந்தி வீட்டில் சொல்லிவிடுவார். "வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்தக் கையெழுத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

கோவளத்து வீட்டு வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். "இன்னாடா, கெடச்சுதா?"

"அந்த நோட்ட கரையான் அரிச்சிடுச்சாம்பா. ஒரு எழுத்து மிஞ்சல."

"த்சொ... போவட்டும் வுடு. நம்ம கொடுப்பினை அவ்ளோதான்" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. பெற்ற அப்பனை ஏமாற்றிவிட்டு எப்படித்தான் தூங்கினேனோ!

பத்து நாள் கழித்து, கேளம்பாக்கம் அச்சகத்திலிருந்து பத்திரிகையின் புரூஃபை அப்பாவே வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில், தாத்தா பேருக்கு மேலே, அந்தப் பேர் இருந்தது. நான் கரையானுக்குத் தின்னக் கொடுத்த பேர்.

"ரெண்டு பஸ்ஸு மாறிப் போனேன்டா" என்றார் அப்பா. "அரிச்சது போவ ஓரமா எதுனா மிஞ்சிக்குமான்னு பாக்கலாம்னுதான் போனேன். பண்ணையில ஆளா இருந்துகினு எப்டிடா எழுதக் கத்துகினாரு? கையெழுத்து இன்னா அழகா கீது!"

கரையானைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலாம்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "நீ படிச்சவன். எல்லாம் சரியா கீதான்னு பாத்து கையெழுத்து போட்டுக் குடு. அச்சுக்குப் போவணும்."

"சரியா இருக்குப்பா" என்றேன். தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.