தராசுத் தட்டில் வைத்த கை

மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தால் அவள் எடைக்கு எடை வெல்லம் தருவதாக எங்கள் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டேன். அம்மன் கொடுத்துவிட்டாள். நான்தான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். மல்லாட்டை அறுவடை, மழை, தீட்டு என்று ஒவ்வொரு சாக்காகச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஹாஸ்டலுக்குப் போன பிள்ளை ஒவ்வொரு லீவுக்கும் பருத்துக்கொண்டே வந்தாள். நாலு பேர் பார்க்க அவளைத் தராசில் ஏற்ற எனக்குக் கூச்சம்.

போன தை மாதம் ஒரு கட்டு காகிதத்தோடு வந்தாள். உடல் பருமன் எதனால் வருகிறது என்று காலேஜ் ஆய்வுக்காகக் கூடப் படிப்பவர்களிடம் எழுதி வாங்கியதாம். தூக்கம் குறைவது, உட்கார்ந்தே கிடப்பது, வீட்டில் சர்க்கரை வியாதி இருப்பது என்று எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்களாம்.

"எல்லாம் தெரியுது நைனா. எழுதிக் குடுத்துட்டு நேரா பரோட்டா கடைக்குத்தான் போறோம்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. "தெரிஞ்ச நீயே இப்படி இருந்தா, நாளைக்கு எவன் உன் பேச்ச கேப்பான்?" என்றேன். தட்டில் மிச்சமிருந்த இட்லியை அவள் தொடவில்லை. எனக்கும் சர்க்கரை இருக்கிறது. சின்ன வயதில் அவளுக்குக் கோயில் பொங்கலை நெய் வழிய ஊட்டியவனும் நான்தான். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்த லீவிலேயே என் மனைவி வேண்டுதலுக்கு நாள் குறித்துவிட்டாள். செஞ்சிக் கடையில் வெல்லம் வாங்கும்போது, மகள் காலேஜில் சேர்ந்த நாளில் இருந்த எடையைத்தான் சொன்னேன். வாயில் அப்படித்தான் வந்தது.

கோயிலில் எல்லா மூட்டையும் ஏற்றிய பிறகும் மகள் உட்கார்ந்த தட்டு எழும்பவில்லை. "இன்னா மாமா, இன்னொரு கடையவே தூக்கினு வரணும் போல" என்றான் என் மைத்துனன். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நான் மூட்டையைச் சரி செய்கிறவன் போலப் போய், வெல்லத் தட்டின் ஓரத்தைக் கையால் அழுத்தினேன். மகளின் தட்டு மெல்ல எழுந்தது. சரியாகிவிட்டது என்று பூசாரி கற்பூரத்தை எடுத்தார்.

எதிர்த் தட்டில் இருந்த மகள் மட்டும் என் கையைப் பார்த்துவிட்டாள்.

"கைய எடு நைனா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சாமிக்கு என் எடை தெரியும்."

எடுத்தேன். அவள் தட்டு தரையில் இடித்தது. மீதி வெல்லம் வாசல் கடையிலிருந்து வந்து சேரும்வரை அவள் இறங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் காலை மடக்கி, சன்னிதியைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்து நின்றவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, நடந்தேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். அவளும் காலையில் நடக்கிறாளாம். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். தப்பு பண்ணிட்டேம்மா என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். மாத்திரை போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டுவதும் தராசை அழுத்திய அந்தக் கையால்தான்.