அரைக் கட்டை இறங்கிய பியானோ

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். எங்கள் மாட்டுங்கா வீட்டுக்கு அணுசக்தி நகரிலிருந்து வந்த இன்ஜினியர், என்னைக் கேட்கச் சொன்னான். கக்கத்தில் டேப் ரெக்கார்டர், பையில் இரண்டு கேஸட். இரண்டிலும் ஒரே பியானோ கான்செர்ட்டோ; வாசித்தவர்கள்தான் வேறு. எது உசத்தி என்று நான் சொல்ல வேண்டுமாம். கல்யாணத்துக்கு இப்படியும் ஒரு பரீட்சை. எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த வரனாவது குதிரவேண்டுமே என்று அப்பா தவித்துக்கொண்டிருந்தார்.

முதல் கேஸட் ஓடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றைக் கிளறினான். பியானோவைத் தொட்டே இராத விரல்கள். பஜ்ஜி ஆறிப்போயிற்று.

"இவர் சும்மா ஓடறார். டெக்னிக் மட்டும்தான்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அடுத்ததைப் போட்டான். "இதைக் கேளுங்கோ. என்ன நிதானம், என்ன ஆழம். வாழ்க்கையில அடிபட்டவர்தான் இப்படி வாசிக்க முடியும்."

அப்பா தலையை ஆட்டினார். பையனின் அம்மா பெருமையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கான்செர்ட்டோ பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தம்பூராவோடு வளர்ந்தவள்.

"ரெண்டு பேரும் ஒரே ஸ்ருதியிலதானே வாசிக்கணும்?" என்றேன்.

"பின்னே? எழுதி வச்சதை யாரும் மாத்த முடியாது" என்றான், பாப்பாவுக்குப் பாடம் சொல்கிற குரலில்.

"இது அரைக் கட்டை எறங்கியிருக்கே. அவர் நிதானமா வாசிக்கலை, டேப்தான் மெதுவா ஓடறது. காப்பி எடுத்த மெஷின்ல கோளாறு. எங்கே எடுத்தேள்?"

குர்லாவில் ஏதோ கடையிலாம். முகத்தில் அசடு வழிந்தது. டம்ளர் வைத்துப் பிடித்திருக்கலாம். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று அவன் அம்மா எழுந்துவிட்டாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏண்டி, உனக்கு மட்டும்தான் காது இருக்கா? போட்ட உடனே எனக்கும் தெரிஞ்சுது. நான் வாயைத் திறந்தேனா?"

அதுவரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சபாவில் ஸ்ருதி இம்மி விலகினாலும் பாதியில் எழுந்து வந்துவிடுகிற மனுஷர். தெரிந்தே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார். அந்த அசட்டின் மேல்கூட எனக்கு இவ்வளவு வெறுப்பு வரவில்லை.