ஆனி கடைசி நாளில் வாங்கிய கார்

எங்கள் மின்சார காரை ஓட்டிப் பார்க்காமலே இணையத்தில் வாங்கினோம். காரணம் ஆடி மாதம். ஓட்டிப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் வண்டி கிடைக்கும் என்றார்கள் தாம்பரம் ஷோரூமில். காலண்டரைப் பார்த்தேன். அதற்கு முந்தைய நாளே ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் முன்பதிவு செய்யவும் என் மனைவி சம்மதிக்க மாட்டாள். ஆவணிக்குத் தள்ளினால் வண்டி கைக்கு வரப் புரட்டாசி ஆகும்.

அவள் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியை. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியதால் பழைய காரை வைகாசியிலேயே விற்றுவிட்டோம். அன்றிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். புதிய காரில் கிளட்ச் கிடையாது. ஆனால் இருக்கை தாழ்வாக இருந்தால், ஏறி இறங்கும்போது அதே முழங்கால்தான் மடங்க வேண்டும். "அப்படி இருந்தா இனிமே காரே ஓட்ட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

இருக்கையின் உயரம் இணையதளத்தில் எங்கும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியையே அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் யூடியூபில் போட்ட காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இருக்கை எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைவிட நான்கு விரல் உயரம் என்று கணித்தேன். புதன்கிழமை, ஆனியின் கடைசி நாள், மாலை ஆறு மணிக்கு நாற்காலியில் தலையணை வைத்து அவளை உட்காரச் சொன்னேன்.

"தலகாணி அமுங்குதுங்க. கார் சீட்டும் இப்படி அமுங்குமா?"

தலையணையை எடுத்துவிட்டு இரண்டு தடித்த அகராதிகளை வைத்தேன். ஏழு முறை உட்கார்ந்து எழுந்தாள்.

"சரி, புக் பண்ணுங்க. தப்பாப் போச்சுன்னா நீங்களே ஓட்டக் கத்துக்கோங்க."

ஆவணி முதல் வெள்ளியன்று, டெலிவரிக்காரர் காரைப் பிள்ளையார் கோயில் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். பூஜை முடியும்வரை அவள் கதவைத் தொடவில்லை. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார் குருக்கள்.

"பண்ணியாச்சு சாமி."

பூக்கார அம்மா குனிந்து பார்த்தார். "இன்னா சார், சத்தமே காணோம்? புது வண்டியே ரிப்பேரா பூடுச்சா?"

அதற்குள் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஒரு சுற்று வந்து என்னை ஏற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். கார் நேராக ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி மறைந்தது.

"அக்கா உன்ன வுட்டுட்டுப் போய்கினே கீது, சார்!"

இருபத்தைந்து நிமிடம் கழித்து போன் வந்தது. "வண்டலூர்ல ஓரமா நிறுத்தியிருக்கேன். நாலு தடவ ஏறி இறங்கிப் பாத்துட்டேன்."

"முழங்கால்?"

"கம்முனு இருக்கு. நான் அப்படியே கேளம்பாக்கம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். நீங்க ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போங்க."

ஆட்டோ பிடித்தேன்.