போகும்போது நேராகப் போன வண்டி

போன வாரம் எங்கள் ஊர் ஆற்றங்கரைக்குத் தார் போட்டார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். கரை ஏறும்போதே வாசனை மூக்கைப் பிடித்தது. காய்கிற தார், அதற்கடியில் ஈர மண், கூடவே கொஞ்சம் டீசல். ரோலர் ஓட்டுகிற பையன், "ஓரமா உருட்டிட்டுப் போங்க பெரியவரே" என்றான். எனக்கு ஐம்பது தாண்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது. தலைமுடி அப்படிச் சொல்ல வைத்திருக்கும். எதிர்த்துச் சொல்லும் வாய் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன்.

மற்றவர்களுக்குத் தார் வாசனை என்றால் புது ரோடு. எனக்கு ஒரு வண்டியின் அடிவயிறு.

அது பக்கிரிசாமியின் வண்டி. மூன்று சக்கர லோடு வண்டி, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. சைக்கிள் மாதிரி கைப்பிடி. நாங்கள் அதை லோடு ஆட்டோ என்போம். தார் ரோட்டில் ஓடியதைவிடக் கரையிலும் வரப்படியிலும் களத்திலும் ஓடியதுதான் அதிகம். மாட்டு வண்டி போகிற இடமெல்லாம் அதுவும் போகும், ஆனால் மாட்டைவிடச் சத்தம் போடும்.

பக்கிரியும் நானும் ஒரே வருஷத்தில் அஞ்சாவதோடு நின்றவர்கள். நான் மெக்கானிக் ஆனேன், அவன் டிரைவர் ஆனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை என் பட்டறை. அங்கே என் வாயாக இருந்தவன் அவன்தான். யாராவது வந்து "என்ன கோளாறு?" என்று கேட்டால் நான் ஸ்பேனரைப் பார்ப்பேன். பக்கிரி பக்கத்தில் உட்கார்ந்து, "பேரிங் போச்சுங்க, அவன் மூஞ்சிய பாத்தாலே தெரியலையா?" என்பான். என் முகத்தைப் பார்த்து வண்டியின் கோளாறு சொல்லத் தெரிந்த ஒரே ஆள். மத்தியானம் அவன் அம்மா தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பும் சோற்றில் இரண்டு பேரும் கை வைப்போம்.

அப்போது ஊரில் பாதி வீட்டில் ஒருத்தராவது வளைகுடாவில் இருந்தார்கள். முதலில் பாய் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், பிறகு எல்லாத் தெருவிலிருந்தும் கிளம்பினார்கள். தண்ணீர் வராத வருஷங்களில் இன்னும் அதிகம். பக்கிரிக்கும் விசா வந்தது. வண்டியை விற்க வேண்டும் என்றான்.

அதற்கு முன்பு ஒரு மாதம் அவன் குத்தாலம் பக்கம் நெல் ஏற்றப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார் பூசியிருந்தது. "துரு புடிக்காம இருக்கட்டும்னு அடிச்சேன் மாப்ள" என்றான். இப்போதுதான் வண்டியைப் பேணக் கற்றுக்கொண்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். ஊமை மாதிரி இருக்கிறவன் அன்றைக்குத்தான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினேன்.

வாங்க வந்தவர் தங்கராசு அண்ணன். அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள். இவர் குத்தகைக்கு நிலம் பிடித்து, கறவை மாடு இரண்டு வைத்துக் கொஞ்சம் தலையெடுத்திருந்தார். அந்த இரண்டு மாட்டையும் கொடுத்துவிட்டுத்தான் வண்டி பார்க்க வந்தார். மூட்டை தூக்கித் தூக்கி அவருடைய ஒரு தோள் இன்னொரு தோளைவிட இறங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பழைய வண்டி வாங்கினால், பார்த்து 'நல்ல வண்டி' என்று சொன்ன மெக்கானிக்கின் கையால்தான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். பத்திரம், கையெழுத்து எல்லாம் அப்புறம்தான். பழம் வைத்த கைதான் பொறுப்பு.

"ஓட்டிப் பாத்து நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, போதும்" என்றார் தங்கராசு அண்ணன்.

பட்டறை வாசலிலேயே பெரிய ரோடு இருந்தது. பக்கிரி, "இது ரோட்டுல ஓடற வண்டியா? கரையில ஓட்டிப் பாரு மாப்ள, அப்பத்தான் அண்ணனுக்கும் நம்பிக்கை வரும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேரும் ஏறினோம், ஆற்றின் வடகரை வரைக்கும் பக்கிரியே ஓட்டினான். அங்கிருந்து நான் கிழக்கே ஓட்டினேன். வலது பக்கம் ஆறு. இரண்டு கல் தொலைவு. நடுவில் ஒரு இடத்தில் கையை விட்டே பார்த்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது.

மதகடி டீக்கடையில் பக்கிரி டீ வாங்கிக் கொடுத்தான். திரும்பும்போது என் தோளைத் தட்டி, "நீ உக்காருடா, பாவம் காலையிலேருந்து வேலை. நான் ஓட்டறேன்" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, காலை வெளியே தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். ஆற்றுக் காற்று. அன்றைக்கு அவன் பேசாமல் ஓட்டினான் என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

தங்கராசு அண்ணன் வீட்டு வாசலில் நான் பழம் வைத்தேன். அவர் மனைவி ராசாத்தி அக்கா ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கிரி விமானம் ஏறினான்.

சம்பா நடவு தொடங்கி பத்து நாள் இருக்கும். நாற்றுக் கட்டுகளோடு வண்டி ஆற்றில் இறங்கிவிட்டது என்று தகவல் வந்தது. தங்கராசு அண்ணன் குதித்துவிட்டார், முழங்காலில் அடி. வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்தார். நாற்று இன்னும் கம்பியில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பக்கமா இழுக்குது தம்பி. எனக்குத்தான் கை பழகல போலருக்கு" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

வண்டி இழுக்கிறது என்றால் முதலில் காற்று பார்க்க வேண்டும். பார்த்தேன், மூன்றிலும் சரி. டயராக இருக்கட்டும் என்று முன் டயரை மாற்றிப் போட்டு ஓட்டினேன். அப்போதும் இடது பக்கம் இழுத்தது. முன் சக்கரத்து பேரிங்கைக் கழற்றினேன், புதுசு மாதிரி இருந்தது. கைப்பிடிக்குக் கீழே இறங்குகிற ஃபோர்க் வளைந்திருக்குமோ என்று கழற்றிப் பார்த்தேன். நேராக இருந்தது. இடது பின் பிரேக் விடாமல் பிடிக்கிறதோ என்று ஜாக்கி வைத்துச் சுற்றினேன். அது பாட்டுக்குச் சுற்றியது. ஒவ்வொன்றையும் கழற்றும்போது இதுவாக இருக்கட்டும், இதுவாக இருக்கட்டும் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. தேய்கிற சாமான் எதுவாக இருந்தாலும் அது யாருடைய குற்றமும் இல்லை.

கடைசியில் நூல் எடுத்தேன். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து வலது பின் சக்கரத்துக்கு நூல் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை இடது பின் சக்கரத்துக்குக் கொண்டுபோனால் முடிச்சு இரண்டு விரல் தாண்டி நின்றது. இடது சக்கரம் இரண்டு விரல் முன்னால் வந்து, முகத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறது.

கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் தாரைச் சுரண்டினேன். மேலே பார்த்துப் படுத்திருந்ததால் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. தாருக்கடியில் வெல்டிங். சேஸ் சட்டத்தை வெட்டி, சக்கரத்தைத் தாங்குகிற இரும்பை அவசரமாக ஒட்டியிருந்தார்கள். வண்டி குத்தாலத்தில் எங்கோ பலமாகக் கவிழ்ந்திருக்கிறது. வேறு யார் வண்டியாக இருந்தாலும் வாங்கும் அன்றைக்கே சுரண்டியிருப்பேன்.

ஆனால் ஓட்டிப் பார்த்தபோது எப்படி நேராகப் போனது? அது பிடிபடவில்லை. முழங்கால் சரியான பிறகு தங்கராசு அண்ணனையும் ஏற்றிக்கொண்டு அதே வடகரைக்குப் போனேன். கிழக்கே போனேன், நேராகப் போனது. மதகடியில் திருப்பினேன். மேற்கே பத்து அடி போவதற்குள் கைப்பிடி என் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. பிரேக் அடித்து இறங்கி நின்று கரையைப் பார்த்தேன். மண் சரிந்து சரிந்து கரை முழுக்க ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. கிழக்கே போகும்போது சரிவு வலது பக்கம் தள்ளும், வண்டி இடது பக்கம் இழுக்கும், இரண்டும் கழிந்துபோகும். மேற்கே வரும்போது இரண்டும் ஒரே பக்கம்.

பெரிய ரோட்டில் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். திரும்பும்போது நான் ஓட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

"திரும்பறப்ப அவன்தானே ஓட்டுனான்?" என்றார் தங்கராசு அண்ணன், மெதுவாக. அவருக்கும் விளங்கிவிட்டது. நான் தலையாட்டினேன். எனக்கு வாங்கிக் கொடுத்த டீ, தோளைத் தட்டியது, பாவம் என்று சொன்னது எல்லாம் அந்தக் கரையிலேயே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

அவர் வீட்டில் போய் நானே சொன்னேன். வண்டி கவிழ்ந்த வண்டி, எனக்குத் தெரியாது, நானே சரி செய்து தருகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். ராசாத்தி அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே தூக்குல சாப்புட்டவங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாதாக்கும்" என்றார். தங்கராசு அண்ணன், "விடுடி" என்றார். அக்கா விடவில்லை, "பழத்த வச்சது இவங்க கைதானே?" என்றார்.

பதினோரு நாள் அந்த வண்டியோடு கிடந்தேன். வெல்டிங்கை வெட்டி, நூல் பிடித்து, திரும்ப ஒட்டி, தார் பூசாமல் விட்டேன். யார் வேண்டுமானாலும் குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது ராசாத்தி அக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தானே குனிந்து சக்கரத்தடியில் வைத்தார்.

அந்தப் பொங்கலுக்கு பாய் கடை எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்கு போன் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஓடினேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்ததும் என் வாயில் வந்தது, "சாப்புட்டியா?"

"ஆச்சு மாப்ள. அங்க எல்லாரும் சௌக்கியமா? நம்ம வண்டி எப்படி ஓடுது?"

நம்ம வண்டி என்றான்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு சொன்னேன்: "போறப்ப நேராத்தான் போவுது."

அந்தப் பக்கம் யாரோ அரபியில் பேசிக்கொண்டு போனார்கள். "சரிடா, அம்மாவைப் பாத்துக்க" என்றான். வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் எனக்கு போன் செய்யவில்லை. அம்மாவை அழைத்துப் போய்த் தஞ்சாவூரில் வீடு கட்டினான் என்று கேள்விப்பட்டேன்.

தங்கராசு அண்ணன் அந்த வண்டியை ஏழெட்டு வருஷம் ஓட்டினார். கோளாறு என்றால் பாபநாசத்தில் மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பட்டறைக்குத்தான் கொண்டுபோவார். எதிரில் பார்த்தால் சிரிப்பார்.

இப்போது அந்த மாதிரி வண்டி இல்லை, பூத் இல்லை, என் கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. கரையையும் சமமாக்கித் தார் போட்டுவிட்டார்கள். நேற்று மாலை ஒரு பேட்டரி லோடு வண்டிக்காரர் என்னை ஏற்றிக்கொண்டார். மேற்கே வந்தோம், ஆறு இடது பக்கம். அவர் கையை விட்டுவிட்டு வெற்றிலை மடித்தார். வண்டி அசையாமல் நேராகப் போனது.

"நல்லா சாஞ்சு உக்காருங்க, காத்து வருது" என்றார்.

காலைத் தொங்கப் போட்டேன். கண்ணை மட்டும் மூட முடியவில்லை. வீடு வரும்வரைக்கும் அவருடைய கைப்பிடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.