செண்பகவல்லி அக்கா கொடுத்த வாக்கு

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது செண்பகவல்லி அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாவ சார். காலைல எழுப்பப் போனா எந்திரிக்கல." ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டியில் ஏறி உட்கார்ந்த எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அண்டை நாட்டுத் தலைநகரில், நமது தூதரகத்தின் விசாப் பிரிவில் அவர் எனக்கு மூத்தவர். முதல் நாளே என் பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்தார். "ராசபாளயமா? அப்போ நம்ம புள்ள. மத்தியானம் வீட்டுக்கு வந்துரு, புளிக்கொழம்பு வச்சிருக்கேன்." அந்நாட்டு மொழியையும் நம் தெற்கத்தி இழுவையோடுதான் பேசுவார்.

பல்லாண்டுப் பகைக்குப் பின் இரு நாடுகளும் பேசத் தொடங்கிய காலம் அது. மேலதிகாரி எங்கள் இருவரையும் அழைத்தார். "பிரிந்த குடும்பங்களுக்கு விசா உறுதி என்று சொல்லிவிடுங்கள். மேலிடத்தில் முடிவாகிவிட்டது." அக்கா அதை அப்படியே அந்தக் குடும்பங்களிடம் சொன்னார். ஜமீலா என்ற மூதாட்டியின் தங்கை நம் நாட்டில் புற்றுநோயில் கிடந்தார். ஜமீலாவின் கையைப் பிடித்து, தங்கையைப் பார்த்துவிடுவீர்கள் என்று அக்கா வாக்குக் கொடுத்தார்.

பேச்சுவார்த்தை முறிந்தது, விசாக்கள் நின்றன. வாசலில் கூட்டம் கொதித்தபோது அதே அதிகாரி, "இந்த அம்மா தானாகச் சொன்னது. எனக்குத் தெரியாது" என்றார்.

"நீங்க சொன்னத நானும் கேட்டேன் சார்" என்றேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அக்காவைப் பின்வாசல் வழியாகப் போய்விடச் சொன்னார்கள். அக்கா முன்வாசலுக்கே போனார். அங்கே நின்ற ஜமீலா அழவில்லை. "உன் நாட்டை நான் எப்போது நம்பினேன்? உன்னைத்தானே நம்பினேன்" என்றார்.

அக்கா வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டுக்கே வந்துவிட்டார். ஜமீலாவின் தங்கை இறந்த செய்தி பிறகு வந்தது. அதன்பின் கல்யாணத்துக்கு அழைத்தால்கூட "வாரேன்" என்று சொல்லமாட்டார். "பாப்போம்" என்பார். ஆனால் முதல் ஆளாக வந்து நிற்பார்.

சென்ற மாதம் இரு நாட்டுத் தூதர்களும் மீண்டும் பொறுப்பேற்றார்கள். அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த அதிகாரி, நம்பிக்கையே உறவுகளின் அடித்தளம் என்று பேசினார். அக்கா என்னைப் பார்த்தார். "என்னய வித்துட்டுப் போனவன் பேசுதான் பாரு தம்பி. அவுகளுக்குள்ள ராசியாயிருச்சு. அந்தம்மாட்ட எனக்கு யாரு ராசி பேசுவா?"

இறுதிச் சடங்கன்று அந்த அதிகாரியின் பெயர் எழுதிய மலர்வளையம் ஒன்று காரில் வந்தது. "எங்க வைக்கட்டும் சார்?" என்று அக்காவின் தம்பி கேட்டார். "கொண்டு போகச் சொல்லுங்க" என்றேன். அதைக் கையில் ஏந்தியபடியே ஓட்டுநர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். அக்காவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அவரைக் கடந்து போனோம்.

நீங்கள் பொய் சொல்லவில்லை, அக்கா. அதை ஊரறியச் சொல்லவே இதை எழுதினேன். போய் வாருங்கள்.