ஏழு சாதமும் மூன்று டுரியானும்

என் மகளின் வளைகாப்புக்கென்று சமைத்த ஏழு வகைச் சாதத்தையும் ஒற்றை ஆளாக நாசம் செய்தவன் நான். தின்று தீர்த்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. டுரியான் பழப் பருவத்தில் என் மனைவி என்னைத் தனியாக வெளியே விடுவதில்லை. அன்று வேறு வழியில்லை. சமைத்து முடித்த கையோடு, காஹாங்கில் மகளின் மாமியார் வீட்டை அலங்கரிக்கத் தன் தம்பியின் காரில் கிளம்பிவிட்டாள். சாதப் பாத்திரங்களை எங்கள் ஊரான பாலோவிலிருந்து கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு.

"நேரா வாங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க. முக்கியமா அந்தப் புளிச்சாதம் பத்திரம்."

அதற்குக் காரணம் இருந்தது. ஏழு மாதமாகியும் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. எடை ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சோதனைக்குள் ஏறாவிட்டால் வார்டில் படுக்கவைத்துவிடுவோம் என்று கிளினிக் தாதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் வயிற்றில் தங்கிய ஒரே சோறு அம்மாவின் புளிச்சாதம். அன்று காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தாள்.

எல்லாம் தெரிந்தும், சாலையோர டுரியான் கடையைக் கண்டதும் என் கால் பிரேக்கை மிதித்தது. நின்றபடியே ஒன்றைத் தின்றேன். போதாதென்று மூன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் காரின் பின்பக்கம் வைத்தேன். ஊரைக் கூட்டும் அதன் வாசனை மேல்நோக்கித்தான் போகும் என்று எங்கோ படித்திருந்தேன். பாத்திரங்களோ இருக்கைக்குக் கீழே இருந்தன. நிறையப் படித்தவனுக்கு எந்த அயோக்கியத்தனத்துக்கும் ஓர் ஆதாரம் கிடைத்துவிடும். கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் சுகமாக ஓட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சடங்கு தொடங்கியிருந்தது. மகள் கன்னமெல்லாம் சந்தனமும் நெற்றி வழியக் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் ஆளுக்கொரு ஜோடி வளையலைத் திணித்துவிட்டு, வயிற்றைத் தடவிப் பார்த்து, "பையன்தான், பாரேன்" என்று தீர்ப்புச் சொல்லி, வாயில் லட்டைத் திணித்தார்கள். ஒரே தட்டு, எல்லாருடைய கையும் பட்டது. படம் எடுப்பவர் வேறு, "இன்னொரு தடவ ஊட்டுங்க ஆன்ட்டி, சரியா விழல" என்றார். அவள் விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே போனாள். கர்ப்பிணியைக் கொண்டாடுவது என்றால் அவளைக் குப்பைத்தொட்டியாக்குவது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? மூக்கைச் சுளித்தேன். என் சட்டையில் வீசியது எனக்குத் தெரியவில்லை.

மனைவி புளிச்சாதப் பாத்திரத்தை மகளின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

புளியும் பெருங்காயமும் எங்கோ அடியில் கிடந்தன. மேலே எழும்பியது டுரியான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசல் வடிகாலுக்கு ஓடினாள். பாதி வழியிலேயே லட்டும் சந்தனமும் பட்டுப்புடவையும் ஒன்றாயின.

"அலமாக்! சம்பந்தி, சோறு கெட்டுப் போச்சா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மூக்கைப் பிடித்தபடி.

"காலையில செஞ்சதுங்க. எப்படிக் கெடும்?" என் மனைவி தேங்காய்ச்சாதத்தைத் திறந்தாள், தயிர்ச்சாதத்தைத் திறந்தாள். எல்லாம் அதே நாற்றம்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "வெயில் அதிகம்லா" என்றேன். இன்று நினைத்தாலும் அந்த மூடிக்குள்ளிருந்து வந்ததைவிட அந்த வார்த்தைதான் அதிகமாக நாறுகிறது.

மகள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, கைய நீட்டுங்க."

நீட்டினேன். முகர்ந்தாள். மறுபடி வடிகாலுக்கு ஓடினாள். மனைவி என் பக்கம் திரும்பி, "வெயிலு... எத்தன சுள டுரியான் தின்னீங்க?" என்றாள்.

இதற்கிடையில் என் மருமகன் மகளிடம் போய்விட்டான். தினமும் விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்கு ஓடுகிற பையன். சடங்கில் அவனை யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஒரு கையால் அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து உப்பு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தான். பாதி பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்தான். காத்திருந்தான். அது தங்கியது. மறு பாதியைக் கொடுத்தான். அத்தனை பேர் கூடிச் செய்த கொண்டாட்டத்தில் அவளுக்கென்று நடந்தது அது ஒன்றுதான்.

மனைவி மகளோடு காஹாங்கிலேயே தங்கிவிட்டாள். பாவ விமோசனமாக நான் பாலோவில் புளிச்சாதம் செய்யக் கற்றுக்கொண்டேன். காரை நான்கு தடவை கழுவி, ஞாயிறுதோறும் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் பாத்திரம் காலியாகத் திரும்பியது. அடுத்த சோதனையில் மகளின் எடை ஏறியிருந்தது. வார்டு வேண்டாம் என்றார் தாதி.

அன்று மாலை மனைவியிடம் போனில், பணிவாகத்தான், "என் புளிச்சாதம் வேலை செஞ்சிடுச்சு பாத்தியா" என்றேன்.

"எங்கிட்டு? நான் செஞ்சததான் அவ சாப்பிட்டா. உங்களுதெல்லாம் பாவம், மாப்பிள்ளதான் கண்ண மூடிக்கிட்டுத் தின்னாரு. அவருக்கும் ரெண்டு கிலோ ஏறியிருக்கு."